ஞாயிற்றுக் கனலும் நாளாந்தப் புகையும்

2025 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் பாராளுமன்றில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாயாக உயரும் என்று கூறப்பட்டது. 1,350 ரூபாயாக இருந்த அடிப்படைச் சம்பளம் 1,550 ஆதல் வேண்டும். அதன்மேல், வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவை அரசு வழங்கும். செய்தி வெளிவந்த மறுநாள் இறம்பொடைக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். போதும் என்றார் ஒருவர். போதாது என்றார் மற்றொருவர். கம்பனிகள் கொடுக்குமா என்று வினவினார் மூன்றாமவர். கையிலே பிளேன்டீயும் வாயிலே பொருளாதாரமுமாக அங்கே இருந்தவர் அனைவரும் ஆடவர். பேசப்பட்ட சம்பளத்துக்குரிய கொழுந்தைப் பறிக்கும் பெண்கள் அந்நேரம் எதிர்மலையில் நின்றார்கள்.

எனக்கு 1,750 என்னும் எண்ணைவிட அதனுள் அடங்கிய 200 என்னும் எண்ணே சிந்தையைக் கிளறிற்று. நாள் தவறாது வேலைக்கு வருவது என்பது எங்கே தீர்மானமாகின்றது? பிரட்டுக் களத்திலே அன்று, அடுப்படியிலேதான். காலை ஏழு மணிக்கு ஒரு பெண் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டுமாயின், அவள் வீட்டு அடுப்பு நாலரை மணிக்கே எரிதல் வேண்டும். விறகு நனைந்திருந்தாலும், மா தீர்ந்திருந்தாலும், குழந்தை இருமினாலும் அந்த 200 ரூபாய் போய்விடும். நாட்சம்பளமும் உடன் போகலாம். இதனை அக்கடையிற் கூறினேன். "ஐயா பள்ளிக்கூடத்தில சொல்ற மாதிரி சொல்றீங்க" என்று ஒருவர் சிரித்தார். உண்மையே. நான் பொருளியல் கற்றவன் அல்லன். கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கண இலக்கியம் பயின்று, முப்பதாண்டாக மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றை ஓதுவித்து வருபவன். ஆயினும் ஒரு வீட்டு அடுப்படியை அண்மையிற் கண்டேன், அதனாலேயே எழுதுகின்றேன்.

அவ்வீடு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுடையது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் வீதியிலே, 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை அருவியைக் காணவும், வவண்டன் மலையில் அமைந்த அனுமன் கோயிலைத் தொழவும் நாளும் நூற்றுக்கணக்கானோர் வருவர். அவர்களை நம்பி எழுந்த உல்லாச விடுதிகளுள் ஒன்றில் அவன் சமையற்காரன். இறைச்சியையும் மீனையும் கனலில் வாட்டிக் கொடுப்பது அவன் பகுதி. மனைவி கொழுந்து பறிப்பவள். மூன்று வயதில் ஒரு மகள். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு லயக் காம்பிரா, முன்னே இஸ்தோப்பு, பின்னே தகரம் சாய்த்த அடுப்படி. அவன் வேலைமுறை ஒருநாள் காலை, ஒருநாள் இரவு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இருவரும் முகம்பார்த்துப் பேசுவது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக் கிழமைகளிலேதான்.

அத்தகைய ஞாயிறு ஒன்றில், சென்ற ஆண்டு ஒக்டோபரில், விருந்துக்கு அழைத்திருந்தான். இஸ்தோப்பின் முன், நெடுக்காகப் பிளந்த தகரப் பீப்பாயொன்று செங்கற்களின்மேல் இருந்தது. அதனுள்ளே சிரட்டைக் கரி. மேலே கம்பி வலை. இஞ்சியும் உள்ளியும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் பூசி இரவெல்லாம் ஊறவைத்த கோழி ஒரு சட்டியில். தோலோடு வாட்டுதற்குச் சோளக் கதிர்கள் ஒரு கூடையில். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே கூடிவிட்டனர். முதன்முதல் இந்தப் பீப்பாயில் இறைச்சி சுட்ட அன்று நேர்ந்த கதையை அவனே சொன்னான். விடுதியில் வாயு அடுப்பிலே பழகிய கையாதலின், கரி பற்றி எரிந்துகொண்டிருக்கும்போதே கோழியை வலையில் இட்டுவிட்டான். கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்டத் தழல் மேலெழுந்து, கோழி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் நின்றதாம். பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் அன்று விருந்து.

"தழல் அடங்கி, கரிமேல வெள்ளைச் சாம்பல் படியணும் ஐயா. அப்பத்தான் உள்சூடு" என்றான். தழல் வேறு, கனல் வேறு என்று நான் கற்பித்தது அவனுக்கு நினைவிருந்ததோ இல்லையோ, பீப்பாய் கற்பித்துவிட்டது.

கோழி நன்றாயிருந்தது. நான் புகழ்ந்தேன், அயலாரும் புகழ்ந்தனர். பொருநராற்றுப்படையிலே, கரிகாலன் அவையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனை இரவும் பகலும் தின்று தன் பல் மழுங்கிப்போயிற்று என்று ஒரு பொருநன் கூறுவதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தேன். நளபாகம், வீமபாகம் என்று நம்மவர் இரண்டு ஆடவர் பெயராலே சமையலைப் பாராட்டுவதையும் சொன்னேன். அப்போது சட்டி கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்து, "ஞாயித்துக்கெழம சுட்டா ஊரே வந்து பாக்குது. மத்த நாளு சுடுற ரொட்டிய எந்த அரசன் கேட்டான், ஐயா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்ட எனக்கு விடை வரவில்லை.

நிற்க. அந்த உரொட்டியைச் சிறிது ஆராய்வோம். (ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பதால் 'உரொட்டி' என்று எழுதுவதே பண்டிதர் வழக்கு. லயத்தை 'இலயம்' என்றும் எழுதலாம். ஆனால் காலையில் பசித்து வருபவனிடம் அந்த உகரத்தைக் கொடுத்துப் பயன் யாது?) கோதுமை மாவிலே துருவிய தேங்காயும் உப்பும் இட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, சற்றே ஊறவிட்டு, உள்ளங்கையால் தட்டி இரும்புத் தட்டிற் போட்டுச் சுட வேண்டும். செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் உரலில் இடித்துச் சம்பல் செய்ய வேண்டும். கூடவே தேயிலைத் தண்ணீர். அதன்பின் பகலுக்குச் சோறும் பருப்பும் ஏதேனும் கீரையும். பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, ஊட்டி, பிள்ளைக் காம்பிராவில் விட வேண்டும். இவை அத்தனையும் ஏழு மணிக்கு முன். மாலை கொழுந்து நிறுத்துத் திரும்பும் வழியிலே விறகு. வந்ததும் மறுபடி அடுப்பு. இதற்கு இடையிலே மலையில் அவள் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே சம்பளம்.

கோதுமை நம் மலையில் விளைவதன்று, இலங்கையிலேயே விளைவதன்று. சோறுண்டு வந்த தோட்ட மக்களின் காலை உணவை மா பிடித்துக்கொண்டதற்கு உலகப் போர்களே காரணம். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டிலே மா புகுந்தது. வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு இலகு, ஆறினாலும் உண்ணலாம், வயிற்றில் நெடுநேரம் நிற்கும் என்பதால் போர் முடிந்தபின்னும் அது போகவில்லை. 1973, 74 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவுக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். மரவள்ளிக் கிழங்கே அப்போது பலருக்குச் சோறு. பின்னர் 2022 பெப்ரவரியில் உக்ரேனிலே போர் மூண்டது; மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது; நம் ரூபாயோ முன்பே வீழ்ந்துகொண்டிருந்தது. எங்கோ கருங்கடற் கரையில் நடந்த போரின் கணக்கை இறம்பொடை லயத்திலே ஒருத்தி மாத் தகரத்தின் அடியைச் சுரண்டித் தீர்த்தாள்.

அடுப்பின் கதையும் அத்தகையதே. இந்தத் தம்பதியர் மணமான புதிதில், சேமித்த பணத்தில் ஒரு வாயு அடுப்பு வாங்கினர். 2021 இன் இறுதி மாதங்களிலே நாட்டின் பல பாகங்களிலும் வாயு அடுப்புகள் வெடித்தன. கொள்கலனில் அடைக்கும் வாயுக்களின் கலவை விகிதத்தை மாற்றியதே காரணம் என்று ஆராய்ந்தோர் கூறினர். அச்சம் ஒருபுறம் இருக்க, 2022 ஏப்ரிலில் 12.5 கிலோ கொள்கலன் ஒன்றின் விலை 4,860 ரூபாயாயிற்று. அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஏறக்குறைய ஐந்து நாட் கொழுந்தைக் கொடுத்தால் ஒரு கொள்கலன். அதுவும் நீண்ட வரிசையில் நின்று கிடைத்தால். மண்ணெண்ணெய்க்கு மாறலாமென்றால், அவ்வாண்டு ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவிற்று. பின்னர் வாயுவின் விலை இறங்கியது மெய். ஆயினும் இவர்களுடைய வாயு அடுப்பு துணியால் மூடப்பட்டு அலமாரியின்மேல் ஏறியது ஏறியதே. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறுதான் இன்றும் விறகு.

மிலாறு நன்றாகக் காய்ந்தால் சடசடவென எரியும். ஆனால் இந்த மலையில் எதுவும் நன்றாகக் காய்வது ஆண்டில் சில மாதமே. ஈரம் தோய்ந்த மிலாற்றின் புகை கண்ணைப் பறிக்கும். லயத்து அடுப்படிகள் பலவற்றில் புகைபோக்கி இல்லை. கூரைத் தகரத்தின் உட்புறத்தைத் தொட்டால் விரலில் மை ஒட்டும். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இறந்தோரை எண்ணுவதற்கு ஒரு நிறுவனமேனும் இருக்கின்றது. இருமியபடியே மறுநாள் வேலைக்குப் போவோரை யார் எண்ணுவர்?

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குறுந்தொகையின் 167 ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் மணமான பெண்ணொருத்தி தானே புளிக்குழம்பு ஆக்கிக் கணவனுக்கு இடுகின்றாள். அவன் சுவைத்துப் பாராட்டி உண்கின்றான். அவள் முகம் மெல்ல மலர்கின்றது. மகளின் மனைவாழ்வைப் பார்த்து வந்த செவிலி இதனைத் தாய்க்குச் சொல்கின்றாள். தயிர் பிசைந்த விரலை அவள் உடையில் துடைத்ததையும், தாளிப்பின் புகை அவளது மைதீட்டிய கண்ணிற் படிந்ததையும் புலவர் காணத் தவறவில்லை. முப்பதாண்டாக இப்பாட்டைக் கற்பிக்கும் நான், கணவனின் அந்த ஒரு சொற் பாராட்டையும் அவளுடைய நுண்ணிய மகிழ்ச்சியையுமே விரித்துரைத்து வந்தேன். இல்லறத்தின் இனிமை என்று கரும்பலகையில் எழுதியும் வைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பொகை அந்தப் பொண்ணு கண்ணுலதானே படுது? அவரு அப்ப எங்க இருந்தாரு?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அகமரபு, அடக்கம், கூற்றுக்குரியோர் என்று ஏதேதோ சொல்லி அவளை இருத்தினேன். கேட்ட அம்மாணவியே இன்று அந்த லயத்தில் உரொட்டி சுடுபவள்.

நவம்பர் 28 ஆம் நாள் தித்வா புயல் இலங்கையைத் தாக்கிற்று. மலைகள் சரிந்தன, நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கம்பளை–நுவரெலியா வீதி மண்ணால் அடைபட்டது. பயணிகள் இல்லாத விடுதியும் மூடிற்று. இவன் வீட்டிலிருக்க நேர்ந்தது. இவர்களுடைய லயம் தப்பியது. சில நாளில் தோட்டத்தில் வேலை தொடங்கியது, விடுதியில் தொடங்கவில்லை. முதல்முறையாக மனைவி வேலைக்குப் போகக் கணவன் வீட்டிலிருந்தான். வேறு வழியின்றி நாலரை மணி அடுப்பு அவன் கைக்கு வந்தது.

தையில் நான் சென்றபோது அவன் சொன்னதைக் கூடியவரை அப்படியே எழுதுகின்றேன். "ஐயா, விடுதியில அடுப்பு இடுப்பு உயரத்தில இருக்கும். மேல புகைபோக்கி, காத்தாடி. வெங்காயம் வெட்ட ஒரு ஆளு, சட்டி கழுவ ஒரு ஆளு. எட்டு மணி நேரம் நின்னா சம்பளம். வெள்ளைக்காரங்க நல்லாயிருக்குன்னா அதுக்கு வேற காசு. இங்க குந்தி ஊதி ஊதி மூணாம் நாளே எனக்கு நெஞ்சு எரிஞ்சிச்சு. சமைக்கத் தெரியும்னுதான் இவ்வளவு காலமும் நெனைச்சிருந்தேன்." சமையலையே தொழிலாகக் கொண்டவன் சொன்ன சொல் இது. மலையகத்து இளைஞர் எத்தனையோ பேர் கொழும்பு உணவுக் கடைகளிலே கொத்துரொட்டி போடுகின்றனர், சோறு வடிக்கின்றனர். கூலி தரும் அடுப்பு எங்குண்டோ அங்கே ஆடவன் நிற்கின்றான். கூலி இல்லாத அடுப்பின்முன் குந்துவது பெண்ணுக்கு உரியதென விடப்பட்டிருக்கின்றது. கைத்திறனில் வேற்றுமை ஒன்றும் இல்லை.

இலங்கைத் தோட்டங்களிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 இல் வந்தது. அதற்குமுன் ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்றும் பெண்ணுக்குக் குறைவு. அந்த நியாயம் போராடிப் பெறப்பட்டது, பெரிது. ஆனால் அது பிரட்டுக் களத்திலிருந்து லயத்துப் படி ஏறி வரவில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நேரப் பயன்பாடு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. ஊதியமற்ற வீட்டுவேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களினதைவிட மிகப் பெரிது என்பது அதிலும் வெளிப்பட்டது. சம்பளப் பேச்சு நடத்தும் மேசையில் இவ்வெண்ணை எவரும் எடுத்து வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. சம்பளம் ஏன் போதவில்லை என்று கேட்கும்போது மாவின் விலையைச் சொல்லுகின்றோம், சரியே. அந்த மாவைப் பிசையும் நேரத்துக்கு விலையே இல்லை என்பதை விட்டுவிடுகின்றோம்.

கம்பனிகள் இதற்கும் கூலி கொடுக்க வேண்டுமா என்று என் நண்பர் ஒருவர் எள்ளினார். யான் கேட்பது அதுவன்று. இந்திய உதவியில் பதினாலாயிரம் வீடுகளுக்குத் திட்டம் வந்தது; புயலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர்க்கும் புதிய வீடுகள் வேண்டும். அவ்வீடுகளின் வரைபடத்திலே நின்று சமைக்கும் உயரத்தில் ஓர் அடுப்பு மேடையும் புகை வெளியேற வழியும் கட்டாயம் என்று தொழிற்சங்கங்கள் கேட்டால் என்ன? பிள்ளைக் காம்பிராவில் குழந்தைக்குக் காலை உணவும் கிடைக்குமாயின், தாய்க்கு அரைமணி நேரம் மிஞ்சும். வருகைக் கொடுப்பனவு தருகின்ற அரசு, வருகைக்குத் தடையாயிருப்பது யாது என்று ஒருமுறை அடுப்படியில் வந்து பார்க்கலாம். ஆடவர் செய்ய வேண்டியதற்கு வரவு செலவுத் திட்டமே வேண்டியதில்லை.

அவன் செய்தது இது. ஞாயிற்றுக் கிழமைக்கென்று வைத்திருந்த பீப்பாயின் ஒரு பாதியை அறுத்து மடித்துக் குழாயாக்கிக் கூரைத் தகரத்தின் வழியே மேலே நீட்டினான். அடுப்பைக் கற்கள்மேல் ஏற்றினான். மழை நாளில் குழாயைச் சுற்றி ஒழுகுகின்றது; ஆயினும் புகை பாதிக்குமேல் வெளியே போகின்றது. விடுதி திறந்துவிட்டது, அவனுக்கு மீண்டும் இரவும் பகலும் மாறி மாறி வேலை. இரவு வேலை முடிந்து வரும் நாளில் அவனே உரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் படுக்கின்றான். காலை வேலை நாளில் அவளே எழுகின்றாள். முதல்நாள் இரவே அவன் விறகைப் பிளந்து அடுப்பின் பக்கத்தில் அடுக்கி உலரவிட வேண்டும் என்பது உடன்பாடு. உடன்பாட்டை இரண்டு தடவை மறந்தானாம். அதை அவள் கணக்கு வைத்திருக்கின்றாள்.

அன்றைக்கு நான் போன வேளை அவன் தட்டில் உரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். தொலைபேசி ஒலிக்க, "ஐயா, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று எழுந்து போனான். நளனையும் வீமனையும் பாடஞ் சொன்ன நான் அடுப்பின்முன் தனித்து நின்றேன். திருப்ப வேண்டிய பருவம் எது என்று தெரியவில்லை. அவன் திரும்பி வந்தபோது அதன் ஒருபுறம் மிலாற்றுக் கரியின் நிறமாயிருந்தது. அவனுடைய மகள் அதை வாங்கிப் பார்த்து, முகர்ந்து, தட்டிலேயே வைத்துவிட்டாள்.

வீடு சென்று இதனை என் மனையாளிடம் சொன்னேன். நெடுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "நாளைக்கு மா பெசையிறது யாரு?" என்று கேட்டாள்.